இது என்ன என்று கேட்கிறவர்களுக்கு

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்பையும் முழுதாகப் படிக்காதவன் நான். எந்த இடத்தில் லகரம், எந்த இடத்தில் ளகரம் என்பது இன்றைக்கும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. மண்வெட்டி பிடித்துப் பழகிய கைக்குப் பேனை வழுக்குகிறது. வரிகள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். எழுத்துப் பிழை கண்டால் நீங்களே திருத்தி வாசியுங்கள். சொன்ன விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

நீங்கள் என்று நான் சொல்வது, செவ்வாய்க்கிழமைகளில் புளியங்குளம் மண்டபத்து வாசலில் அந்த நீள வாங்கில் என்னோடு இருக்கிறவர்களைத்தான். மகனைக் கையில் பிடித்து வருகிற தாய்மார், மகளைச் சைக்கிள் பாரில் வைத்து வருகிற தகப்பன்மார். நான் உங்கள் பக்கத்தில் இருந்தும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. "அந்த ஐயா நித்திரை போல" என்று நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. நித்திரை இல்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சம் எங்கே தொடங்கியது என்பதும் இதற்குள் வரும்.

உங்களோடு வருவது உங்கள் பிள்ளைகள். என்னோடு வருவது என் தங்கை. அவளுக்கு நாற்பத்தாறு வயது. வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான். அவளுக்கு இருப்பது டவுன் சின்ட்ரோம் என்று ஒரு தாதி எனக்குச் சொன்னபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. "நாங்கள் டவுனில இருந்ததே இல்லையே மிஸ், காட்டுக்கரையிலதானே இருக்கிறம்" என்றேன். அவர் சிரிக்காமல் விளங்கப்படுத்தினார். அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கும் நன்றி.

பாப்பா கதைப்பாள். ஆனால் அவளுடைய கதை எனக்கு மட்டும்தான் விளங்கும். ககரம் அவள் வாயில் தகரமாகும். சில சொற்களுக்குத் தலையே இருக்காது. தண்ணி என்பது அண்ணியாகிவிடும். ஒருநாள் வெயிலில் வேலி ஓரம் நின்று "அண்ணி, அண்ணி" என்று அவள் கேட்க, பக்கத்து வீட்டுக்காரி, "தங்கச்சியே அண்ணி கேக்கிறாள், இனியாவது ஒண்டைக் கட்டுங்கோவன்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அள்ளும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா இருந்தவரை பாப்பாவின் கதை இரண்டு பேருக்கு விளங்கியது. இப்போது ஒருவனுக்கு. அந்த ஒருவனுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, இடது காலில் முள் ஏறினாலும் தெரிவதில்லை. நான் இல்லாத ஒரு நாளில் அவள் தண்ணீர் கேட்டால் யார் கொண்டுவந்து கொடுப்பது?

இதற்காகத்தான் கம்பஸ்ஸில் இருந்து பேச்சுப் பயிற்சிப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். செவ்வாய்க்குச் செவ்வாய் எட்டுக் கிழமை, ஆறு பேருக்கு மட்டும் இடம் என்றார்கள். எனக்கு அந்த ஆறில் ஒன்று வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

முதல் செவ்வாய் எங்களைக் கூப்பிட்டவள் கண்ணாடி போட்ட, மெலிந்த பிள்ளை. "டொக்டர்" என்றேன். "ஐயோ, டொக்டர் இல்லை ஐயா, நாங்கள் இன்னும் படிக்கிற பிள்ளையள்தான்" என்றாள். மேசையில் நாற்பது பட அட்டைகள் வைத்திருந்தாள். முதல் அட்டையைத் தூக்கினாள். கோழி.

"அக்கா, இது என்ன?"

பாப்பா வலக்கைச் சுட்டுவிரலைத் தூக்கித் தன் உதட்டில் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

அடுத்தது கதிரை. "இது என்ன?" விரல் இறங்கவில்லை. சைக்கிள், முட்டை, வாளி, நாய். நாற்பது தரம் கேட்டாள். நாற்பது தரமும் விரல் உதட்டில்தான். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. குரலை மெதுவாக்கிப் பார்த்தாள், சிரித்துப் பார்த்தாள், பாப்பாவின் பக்கமாய்க் கதிரையை இழுத்துப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் தன் தாளில் வரிசையாகச் சைபர் போட்டாள்.

"கதைக்கிறவாவோ, ஐயா?"

"ஓம். கதைப்பாள்."

"அடுத்த செவ்வாய் எங்களைப் படிப்பிக்கிற மிஸ் வருவா. அவாதான் ஆறு பேரையும் முடிவு செய்யிறது. சின்ன வயசில இவா எப்பிடிக் கதைச்சவா எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ. ஒரு பக்கம் காணும்."

ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு பக்கத்தில் அடங்காததை இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். ஏனென்றால் அந்த விரலை அவள் உதட்டில் வைத்தவன் நான்.

நாங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தவர்கள். கலவரக்காரர் எங்கள் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்த வருடம் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா ரயில் ஏறினாளாம். நெடுங்கேணிக்கு அங்கால் காடு வெட்டிக் குடியிருந்தோம். பாப்பா அங்கேதான் பிறந்தாள். எங்கள் வீட்டுத் தமிழ் வேறு, வெளித் தமிழ் வேறு. பள்ளிக்கூடத்தில் நான் "வந்தாங்க, போனாங்க" என்று வாய் திறந்தால் பின் வாங்கு முழுதும் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிக்கும். அதனால் நான் பள்ளிக்கூடத்தில் ஊமை. வீட்டில் மட்டும் கதைப்பேன். அப்பா அதைப் பார்த்து, "பையன் அடக்கமானவன்" என்று பெருமைப்பட்டார்.

பாப்பாவுக்கு ஐந்து வயது முடிந்தும் கதை தெளியவில்லை. அப்பா வெள்ளிக்கிழமை தோறும் வசம்பைச் சுட்டு, உரைத்து, அவள் நாக்கில் தடவுவார். நாக்குத் தடித்திருக்கிறது, காரம் பட்டால் மெலியும் என்பது அவருடைய கணக்கு. மூன்றாவது வெள்ளி அவள் அவருடைய விரலைக் கடித்துவிட்டாள். பல் பதிந்து இரத்தம் வந்தது. அதோடு வைத்தியம் முடிந்தது. கையை உதறிக்கொண்டு அவர், "நாக்குதான் தடிப்பு, பல்லு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நான் சொல்ல வந்த பருவம் அந்த மார்கழியும் தையும். காலபோக நெல் கதிர் தள்ளி, பால் பிடித்து நின்றது. பள்ளிக்கூட விடுமுறை. கிளியும் குருவியும் விரட்டுகிற வேலை எனக்கு. அம்மாவும் அப்பாவும் வேறு ஆட்களின் வயலில் கூலிக்குப் போக வேண்டும் என்பதால் பாப்பாவும் என்னோடு. பரண் இல்லை, மருத மரத்து நிழல்தான். ஒரு மண்ணெண்ணெய்த் தகரம், அடிக்க ஒரு வீரைத் தடி. காலையில் பனி காயும்போது நெல்லில் இருந்து ஒரு பச்சைப் பால் வாசம் வரும். வெயில் ஏற ஏற அது வைக்கோல் வாசமாக மாறும். பாப்பாவின் சிவப்பு றப்பர் செருப்பு ஒன்று சேற்றில் புதைந்து, எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. மற்றதைப் போட்டுக்கொண்டே ஒற்றைக் காலில் செருப்போடு அந்தப் போகம் முழுதும் திரிந்தாள்.

வேலை சலிக்கும். ஒருநாள் வரம்பில் காகம் ஒன்று வந்து உட்கார்ந்தது. வெறும் விளையாட்டுக்கு, "பாப்பா, அந்தா பாரு, மயிலு" என்றேன்.

அவள் காகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

"தாத்தா!" என்றாள்.

காக்கா என்கிறாள் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் எனக்குப் பைத்தியம் பிடித்தது போல ஆயிற்று. ஆட்டைக் காட்டி மாடு என்றேன். அடி விழுந்தது, "ஆடு!" என்று வந்தது. தகரத்தைப் பானை என்றேன். வானத்தைக் குளம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அடி, ஒவ்வொன்றுக்கும் சரியான பேர். இது என்ன, அது என்ன என்று கேட்டால் தலையைத் திருப்பிக்கொள்கிறவள், பிழையைக் கேட்டால் பொறுக்கமாட்டாள். ஒரு கூடை சொல் அவளுக்குள் இருந்தது. பின்னேரம் வீட்டுக்கு நடக்கும்போது வழி நெடுகப் பிழை சொல்லிக்கொண்டே போவேன். வீடு சேரும்போது தோள் சிவந்திருக்கும்.

அப்பாவிடம் காட்டலாம் என்று ஒருநாள் காகத்தை மயில் என்றேன். "தாத்தா, தாத்தா!" என்று அவள் கத்தினாள். அப்பாவின் முகம் மாறிவிட்டது. தோட்டத்திலே செத்துப்போன தன் அப்பா வந்து பிள்ளையின் கண்ணுக்குத் தெரிகிறார் என்று நினைத்துவிட்டார். மறுநாள் வரம்பில் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார். சிதறிய தேங்காயைக் காகம் வந்து தின்றது. அப்பா கை கூப்பிக் கும்பிட்டார். பாப்பா அவருக்கும் ஒரு அடி போட்டாள். நான் அப்போது விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். அப்பா அழுதுகொண்டு நின்றதால் சொல்லவில்லை.

தை பிறந்து பள்ளிக்கூடம் தொடங்கியது. நான் ஐந்தாம் வகுப்பு. பாப்பாவை முதலாம் வகுப்பில் சேர்க்க அம்மா கூட்டி வந்தாள். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல், சீத்தைத் துணியில் அம்மா கையால் தைத்த சட்டை. பெரிய வாத்தியாரின் மேசை எங்கள் வகுப்பின் மூலையில்தான் இருந்தது. முழு வகுப்பும் பார்த்துக்கொண்டிருந்தது.

வாத்தியார் பாப்பாவைத் தலையில் இருந்து கால் வரை பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "இது என்ன?"

"எம் மக, சாமி. ஒண்ணாங் கிளாசுல சேக்கலாம்னு..."

"கதைக்குமோ?"

"நல்லாப் பேசுவா, சாமி."

அவர் கரும்பலகையில் எழுதுகிற ஒரு வெண்கட்டியை எடுத்துப் பாப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்து அதே குரலில், "இது என்ன?" என்றார்.

பாப்பா அவரைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு என்னைக் கண்டு முகம் மலர்ந்து, உரத்த குரலில், "ணே, தோயி!" என்றாள்.

"சேர், அது தோசை கேக்குது!" என்றான் பின் வாங்கில் ஒருவன். வகுப்பே இடிந்து விழுவது போலச் சிரித்தது. வாத்தியார் தடியால் மேசையில் தட்டினார், ஆனால் அவரும் மீசைக்குள் சிரித்ததை நான் கண்டேன். "இதுக்குப் பேச்சு வராது, பிள்ளை. வீட்டில வைச்சிரு. பாவம்" என்றார் அம்மாவிடம்.

அவர் கெட்டவர் அல்ல. கொப்பி இல்லாத பிள்ளைகளுக்குத் தன் கையால் தாள் தைத்துக் கொடுப்பவர். ஆனால் நான் ஒன்று சொல்கிறேன். அந்த நேரம் பள்ளிக்கூட முற்றத்தில் உண்மையாகவே ஒரு கோழி நின்றது. செம்மஞ்சள் நிறப் பேட்டுக்கோழி, காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றது. பாப்பா சரியான நேரத்தில், சரியான ஆளிடம், சரியான சொல்லைச் சொன்னாள். அத்தனை பேரில் ஒருவராவது கழுத்தைத் திருப்பி முற்றத்தைப் பார்த்திருந்தால் போதும். நான் பார்த்தேன். பார்த்தும், "சேர், கோழி எண்டுதான் சொல்லுறாள்" என்று எழுந்து சொல்லவில்லை. வாய் திறந்தால் என்னையும் சிரிப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்த அம்மா அடுப்பு மூட்டவில்லை. பாப்பாவை முன்னால் இருத்தி, அவளுடைய விரலை எடுத்து அவள் உதட்டில் வைத்தாள். "இங்க பாரு பாப்பா. எவனாச்சும் 'இது என்ன'ன்னு கேட்டா, வாயத் தொறக்காத. இப்பிடி வச்சுக்க. நம்ம பேச்சு நம்ம வீட்டோட."

பிறகு என்னைப் பார்த்து, "நீ கேளு" என்றாள்.

நான் வாத்தியார் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்று, "இது என்ன?" என்று கேட்டேன். அவள் வாய் திறந்தால் ஒன்றும் இல்லை. விரலை வைத்துப் பேசாமல் இருந்தால் தேங்காய்ப்பூவும் சீனியும் ஒரு கை. மூன்று நாள் பழக்கினேன். கிணற்றடியில் கேட்டேன், வயலில் கேட்டேன், திடீரென்று பின்னால் இருந்து கேட்டேன். மூன்றாம் நாள் அவள் ஒரு தரமும் பிழைவிடவில்லை. அவளுக்கு ஒன்றும் படிக்க வராது என்று சொன்னவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: மூன்று நாளில் படித்து, நாற்பது வருடம் மறக்கவில்லை. இவளை விடக் கெட்டிக்காரியை எந்தப் பள்ளிக்கூடமும் கண்டிருக்காது. படிப்பித்தது கேவலமான பாடம், அவ்வளவுதான்.

அந்தக் கிழமையே பள்ளிக்கூடத்தில் என் பேர் 'இது என்ன' ஆகிவிட்டது. "இது என்ன, இஞ்ச வா. இது என்ன, தோசை சாப்பிட்டியோ?" இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் கோடு போடுகிற அடிமட்டத்தால் ஒருவனைக் காதோடு சேர்த்து அறைந்தேன். மன்னிப்புக் கேட்கும் வரை வெளியில் முழங்காலில் நில் என்றார் வாத்தியார். மணி அடிக்கும் வரை நின்றேன். கேட்கவில்லை. மறுநாள் போகவும் இல்லை. அம்மா கெஞ்சினாள், அப்பா அடித்தார். "அவ போகாத பள்ளிக்கூடத்துக்கு நானும் போகமாட்டேன்" என்றேன். வீரம் என்று நினைக்காதீர்கள். அதில் பாதி வீரம், பாதி தப்பித்த சந்தோசம். ஆனால் இன்றைக்குக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு யுத்தத்தில் நடந்தவை உங்களுக்கும் தெரியும். எல்லோரும் ஒரே ரோட்டால்தானே போனோம், வந்தோம். அந்தத் தகரம், சீத்தைச் சட்டை, ஒற்றைச் செருப்பு எல்லாம் எந்த இடப்பெயர்வில் போயின என்று தெரியாது. பெயர் பதிகிற ஒவ்வொரு இடத்திலும் யாராவது ஒருவர் பாப்பாவைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். அவள் விரலை வைத்தாள். "சத்தம் போடாத நல்ல பிள்ளை" என்றார்கள். அம்மா அதைக் கேட்டுப் பெருமைப்பட்டாள். சாகும்வரை அவள், தான் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தாள். அந்த நாட்களில் அது காப்பாற்றியும் இருக்கலாம். அதற்காக அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம்.

முதல் செவ்வாய் அட்டைகள் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு இது எல்லாம் ஒன்றாகப் பிடிபட்டது. பாப்பா யன்னல் ஓரம் இருந்து, காற்று முகத்தில் அடிக்க, ரோட்டில் கண்டதை எல்லாம் பேர் சொல்லிக்கொண்டு வந்தாள். மாடு, லொறி, கொடி. அவளுக்குப் பேச்சு இல்லை என்று அந்தப் பிள்ளை போட்ட சைபர் நாற்பதும் அவளுடையவை இல்லை. என்னுடையவை.

இரண்டாவது செவ்வாய் என் ஒரு பக்கத்தைக் கண்ணாடிப் பிள்ளையிடம் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள். வாசித்து முடித்துத் தாளை அட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்ப நான் கேட்ட கேள்விதான் பிழையோ, ஐயா?"

"கேள்வி பிழையில்லை, பிள்ளை. அது எங்கட வீட்டில வேற மாதிரிப் போச்சு. நீங்கள் கேக்க வேண்டாம். பிழையாச் சொல்லுங்கோ."

"அப்பிடிச் செய்தாப் புள்ளி போடேலாது. கேள்வியை மாத்தக் கூடாது எண்டு புத்தகத்தில இருக்கு."

"புள்ளி வேண்டாம். சொல்லிப் பாருங்கோ."

அவள் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, கோழி அட்டையைத் தூக்கினாள். கூச்சத்தோடு, "அக்கா... இது யானை" என்றாள்.

பாப்பாவின் விரல் உதட்டுக்குப் பாதி வழி வந்து நின்றது. அட்டையைப் பார்த்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள், கண்ணாடிக்குள் கண் தெரியவில்லையோ என்பது போல. பிறகு அந்தத் தோளில் ஒரு அடி.

"தோயி!"

அடுத்த அட்டை. "இது தேங்காய்."

"தைத்தி!" சைக்கிள். இன்னொரு அடி.

நாலைந்து அட்டைக்குப் பிறகு பாப்பா என் பக்கம் திரும்பி, பிள்ளையைக் காட்டி, "பாவம்" என்றாள். ஒன்றும் தெரியாத பிள்ளை என்று நினைத்துவிட்டாள். அதன் பிறகு அடிக்கவில்லை. கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு, அட்டைகளைத் தன் கையில் எடுத்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். "முத்தை. தொல்லு. முத்தை." சொல்லு என்கிறாள். அந்தப் பிள்ளையும் "முட்டை" என்று சொன்னாள். பாப்பா அவள் தலையைத் தடவினாள்.

ஒரு அட்டையில் வெள்ளையாய் உருண்டையாய் ஒரு உருவம், தலையில் தொப்பி, கைக்குப் பதில் இரண்டு தடி. எனக்கே அது என்னவென்று தெரியவில்லை. பாப்பா யோசிக்கவே இல்லை. "வெயுயி" என்றாள்.

"என்னவாம், ஐயா?"

"வெருளி. வயலில நட்டு வைக்கிறது."

"இது பனியால செய்யிற பொம்மை, ஐயா. வெளிநாட்டு அட்டை." பிள்ளை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆனா வெருளி எண்டதும் பிழையில்லை, என்ன?" என்று சிரித்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் படிப்பிக்கிற மிஸ் உள்ளே வந்தார். நரை விழுந்த கொண்டை, கையில் கோப்பு. பிள்ளை எழுந்து நடந்ததைச் சொன்னாள். மிஸ் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இது நல்ல விஷயம்தான். ஆனா முறைப்படி எடுத்த புள்ளி சைபர்தான். அதோட இவாக்கு நாப்பத்தாறு வயசு. வெளியில பாருங்கோ, நாலு வயசு, அஞ்சு வயசுப் பிள்ளையள் எத்தினை பேர் நிக்கினம். அந்த வயசில பழக்கினாத்தான் கூடப் பலன். ஆறு இடம்தானே இருக்கு." கோப்பில் இருந்து ஒரு தாளை எடுத்து என் முன் வைத்தார். "இதில ஒரு கையெழுத்து வையுங்கோ."

தாளில் பாப்பாவின் பெயரும் வயதும் இருந்தன. அதன் கீழே நீல மையில் இரண்டு சொல்: பேச்சு இல்லை.

மிஸ் சொன்னது நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. வாங்கில் இருந்த உங்கள் பிள்ளைகளை நானும் பார்த்தேன். அவர்களில் ஒருவருடைய இடத்தைப் பறிக்கிறோமோ என்று நெஞ்சு குறுகுறுத்தது. அறையில் மிஸ், இரண்டு மூன்று மாணவர்கள், வாசலில் நீங்கள். எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். காது இரண்டும் சூடேறியது. பழைய நான் என்றால் பேனையை எடுத்திருப்பேன்.

"வைக்கமாட்டன், மிஸ்" என்றேன்.

"ஐயா, இது சும்மா ஒரு பதிவு..."

"அவள் அஞ்சு வயசா இருக்கேக்க நீங்கள் ஒருத்தரும் வரேல்லை, மிஸ். வந்திருந்தா அப்பவே கூட்டி வந்திருப்பன். பிந்தி வந்தது அவளில்லை." தாளை மிஸ்ஸின் பக்கமாகத் தள்ளினேன். "இடம் தராட்டி விடுங்கோ. சின்னப் பிள்ளையளுக்குக் குடுங்கோ, நான் கோவிக்கமாட்டன். ஆனா இந்த ரெண்டு சொல்லும் பொய். பொய்யில நான் கையெழுத்து வைக்கேலாது. அதை வெட்டுங்கோ."

கண்ணாடிப் பிள்ளை அட்டைகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

மிஸ் பேனையை மூடினார். கதிரையை இழுத்துப் பாப்பாவுக்கு நேரே இருந்தார். அட்டை ஒன்றும் எடுக்கவில்லை. "அக்கா, என்னைப் பாருங்கோ" என்றார். "நான் உங்களிட்டையே கேக்கிறன். அடுத்த செவ்வாயும் இஞ்ச வருவீங்களோ?"

பாப்பாவின் வாழ்நாளில் அவளைப் பற்றி என்னிடம் கேட்டவர்கள் எத்தனையோ பேர். அவளிடமே, நீங்கள் என்று கேட்டவரை நான் அன்றைக்குத்தான் கண்டேன். வருவேன் என்று சொல்லு பாப்பா என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

பாப்பா மிஸ்ஸை நேரே பார்த்தாள். விரல் உதட்டுக்குப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டாள்.

"வயமாத்தேன்" என்றாள்.

என் உயிரே போய்விட்டது. மிஸ் என் பக்கம் திரும்பவில்லை. அவருக்கே விளங்கிவிட்டது. "ஏன் வரமாட்டீங்கள்?" என்றார் அவளிடமே.

"பதித்துது. தோறு தயல்ல."

பசிக்கிறது, சோறு தரவில்லை. உண்மைதான். காலை ஆறு மணி பஸ்ஸுக்கு வெளிக்கிட்டவர்கள், மதியம் ஒரு மணியாகிறது, ஒரு பணிஸ்கூட நான் வாங்கிக் கொடுக்கவில்லை. வாசலில் யாரோ சிரித்தார்கள். இந்த முறை நான் தலை குனியவில்லை.

மிஸ் பேனையைத் திறந்தார். நீல மையில் இருந்த இரண்டு சொல்லையும் ஒரு கோட்டால் வெட்டினார். அதற்கு மேலே எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார்: 'மறுப்புச் சொல்கிறார். மறுப்புக்குக் காரணமும் சொல்கிறார்.' பக்கத்தில், ஆறாவது இடம், நேரம் காலை ஒன்பதரை, சாப்பிட்டுவிட்டு வரவும் என்று எழுதினார். சின்னப் பிள்ளைகளில் இடம் கிடைக்காமல் விடுபடுகிறவர்களைக் கண்ணாடிப் பிள்ளையும் மற்ற மாணவர்களும் தங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்ப்பதாகச் சொன்னார்கள். அது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே பார்க்கிறீர்கள்.

பாப்பாவிடம் வெளியில் வந்து கேட்டேன். சோறும் பருப்பும் மீன் பொரியலும் சாப்பிட்டு முடித்த பிறகு, இனி வரலாம் என்றாள். அதற்குப் பிறகுதான் உள்ளே திரும்பிப் போய் அந்தத் தாளில் கையெழுத்து வைத்தேன். கோணல் கையெழுத்து. ஆனால் அழுத்தி வைத்தேன், அடுத்த தாளிலும் பதிகிற மாதிரி.

நெடுங்கேணி,
பங்குனி மாதம் 9ஆம் திகதி, திங்கட்கிழமை.